பொபினியில் இரண்டு கட்டடம்: அம்மாவின் கடிதம் எந்த வாசலுக்கு?

வணக்கம் உறவுகளே. குரல் கேட்கிறதா? காற்று பலமாக அடிக்கிறது, மைக்கைக் கோட்டுக்குள்ளே செருகி வைத்திருக்கிறேன். நான் நிற்பது பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிற பொபினி. 5ஆம் இலக்க மெத்ரோவில் கடைசித் தரிப்பு வரை வந்து, அங்கிருந்து நடந்தேன். 93இல், அதுதான் சென்-சென்-துனி மாவட்டத்தில், இருக்கிற எங்கள் ஆட்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். வதிவிட அனுமதிக் காட் புதுப்பிக்க, அரசின் மாவட்ட அலுவலகமான பிரிஃபெக்தூருக்கு வந்து போன கால்கள்தானே.

இன்றைக்குக் காட் கதை இல்லை. பிரிஃபெக்தூருக்குக் கிட்டவே இன்னொரு கட்டடம் இருக்கிறது, மாவட்டச் சபை. பிரெஞ்சில் கொன்செய் தெபார்த்துமொந்தால். அந்தப் பெயரை நாக்குச் சுளுக்காமல் சொல்ல எனக்குக் கனகாலம் எடுத்தது.

போன வருடம் அம்மாவுக்கு வந்த ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நேரே பிரிஃபெக்தூர் வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே நின்றவர் கடிதத்தின் மேல் மூலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கையை மற்றப் பக்கம் நீட்டினார். பிழை என்னுடையதுதான். அனுப்பியது யார் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் 'பொபினி' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு வெளிக்கிட்டிருக்கிறேன்.

சரி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பிரிஃபெக்தூரின் தலைவரான பிரிஃபே என்பவர் இலங்கையில் எங்கள் ஊர் அரசாங்க அதிபர் மாதிரி. மேலேயிருந்து அரசு நியமிக்கிற ஆள். மாவட்டச் சபையில் இருப்பவர்களை மக்கள் வாக்குப் போட்டு அனுப்புகிறார்கள். பிரான்சில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டது புரட்சிக் காலத்தில், 1790இல். ஆனால் 1982 வரைக்கும் சபையின் முடிவுகளை நிறைவேற்றும் அதிகாரம் பிரிஃபேயிடம்தான் இருந்தது. அந்த வருடம் மார்ச் 2ஆம் தேதிச் சட்டம்தான் அதைத் தெரிவு செய்யப்பட்ட சபைத் தலைவரின் கையில் கொடுத்தது.  

இப்போது தேர்தல். மாவட்டத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், கன்தோன் என்று பெயர். 93இல் 21 கன்தோன். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் சோடியாகத்தான் போட்டியிட வேண்டும். வாக்குச் சீட்டில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும், ஒருவரை மட்டும் பிரித்துத் தெரிவு செய்ய முடியாது. 2015இல் வந்த முறை இது. அதனால் 42 உறுப்பினர், சரிபாதி பெண்கள். எனக்குப் பிடித்த விஷயம் இது. நாடு முழுக்கப் பார்த்தால் தலைவர் நாற்காலியில் மட்டும் ஆண்கள்தான் இன்னும் அதிகம், அதையும் சொல்லி வைக்கிறேன். தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள்ளே தெரிவு செய்கிறார்கள். இங்கே 2012இல் தலைவரான ஸ்தெஃபான் த்ருசெல், 2021 தேர்தலுக்குப் பிறகும் அவரே வந்தார். அவருடைய தொகுதி லா கூர்நெவ். எங்கள் கடைகளும் கோயிலும் இருக்கிற அதே லா கூர்நெவ்.

சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது, போய் இருந்து பார்க்கலாம். நான் ஒரு முறை போய், பாதியில் நித்திரை கொண்டேன்.

அம்மாவின் கடிதத்துக்கு வருகிறேன். அது ஏ.பி.ஏ. என்கிற முதியோர் உதவிக்கான விண்ணப்பம். பிரெஞ்சுக்காரர் அதை ஒரே சொல்லாக 'அபா' என்பார்கள், கேட்க 'அப்பா' மாதிரி. வீட்டில் நான் "அம்மாவுக்கு அபா வரப்போகுது" என்று சொல்ல, அம்மா, "அவர் போய்ப் பதினொரு வருசமாச்சு, இப்ப எங்கயிருந்து வாறார்?" என்று கேட்டா.

60 வயதுக்கு மேல், தன் வேலையைத் தானே செய்யக் கஷ்டப்படுகிறவர்களுக்கு இந்த உதவி. 2002இல் தொடங்கியது. கையில் காசு தருவதைவிட, வீட்டுக்கு ஆள் வந்து குளிக்கவைக்க, சமைக்க உதவ என்று மணித்தியாலக் கணக்கில் ஒரு திட்டம் போட்டு, அந்தச் செலவில் வருமானத்துக்கு ஏற்ற பங்கைச் சபை ஏற்கிறது. கொடுப்பதற்கு முதல் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். ஆளின் நிலையை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் முழுக்க முழுக்கப் பிறர் உதவி தேவை. 1 முதல் 4 வரைக்கும்தான் அபா கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர் நல்ல பெண். "நீங்களே உடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். அம்மா நிமிர்ந்து இருந்து, "ஓம், எல்லாம் நானேதான்" என்றா. சமையல்? "நானேதான்." படியேறுவது? "ஏன், எனக்கென்ன?" வீட்டுக்கு விருந்தாளி வந்தால் குறை சொல்லிப் பழக்கம் இல்லையே. எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பெண் விவாதிக்கவே இல்லை. கதிரையில் கிடந்த கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்து, போட்டுக் காட்டச் சொன்னார். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. அம்மா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "இண்டைக்குக் கொஞ்சம் குளிர்" என்றா. தரம் 4 கிடைத்தது. ஆகவே பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: உள்ளதைச் சொன்னால் போதும், மானம் போகாது.

இதே சபைதான் பிள்ளை பிறந்ததும் முதலில் வருகிறது. பே.எம்.இ. என்கிற தாய்சேய் நிலையம், ஆறு வயது வரை இலவசமாகப் பார்த்து ஊசி போடுகிற இடம், மாவட்டத்தின் பொறுப்பு. அப்புறம் கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியின் கட்டடமும் சாப்பாட்டுச் சாலையும். ஆரம்பப் பள்ளிக்கூரை ஒழுகினால் மெரிக்கு, அதாவது நகரசபைக்குப் போங்கள், லீசே என்கிற உயர்நிலைப் பள்ளி என்றால் மாகாணம், நடுவில் இருக்கிற கொலேஜ்தான் இவர்களுடையது. ஆசிரியர் வரவில்லை என்று இங்கே வந்து சத்தம் போட்டுப் பிரயோசனம் இல்லை, ஆசிரியர் அரசின் ஆள். ஆபத்தில் இருக்கிற பிள்ளைகளின் பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, மாவட்ட வீதிகள் எல்லாம் இதற்குள் வரும். லா கூர்நெவ்வில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடப் பாய் விரிக்கிறோமே, ஜோர்ஜ் வல்போன் பூங்கா, அதுவும் மாவட்டத்துடையது. இந்தச் சபையின் முதல் தலைவர் பெயர்தான் அதற்கு.

காசு எங்கிருந்து? பழைய வீடு வாங்கும்போது, உறுதி எழுதுகிற நொத்தேருக்கு என்று 'நொத்தேர் செலவு' கட்டி அழுகிறோமே, அதில் பெரும் பகுதி நொத்தேருக்குப் போவதில்லை, மாவட்டத்துக்குப் போகிற வரி. 4.5 வீதமாக இருந்ததை 5 வரை உயர்த்த 2025இல் அனுமதி கொடுத்தார்கள். வங்கி வட்டி ஏறி வீடு விற்பனை படுத்தால் சபையின் வருமானமும் படுத்துவிடும், முதியவர் எண்ணிக்கை மட்டும் குறையாது. 93இல் வருமானம் குறைந்தவர்களுக்கான ஆர்.எஸ்.ஆ. கொடுப்பனவின் பாரத்தைச் சபை தாங்காமல், 2022 முதல் அந்தச் செலவை அரசே எடுத்துக்கொண்டது.

எனக்கு உறுத்துவது வேறு. 2021 மாவட்டத் தேர்தலில் நாடு முழுக்க மூன்றில் ஒருவர்தான் வாக்களித்தார்கள். எங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்காதவர்களுக்கு வாக்கே இல்லை. அம்மாவுக்கும் இல்லை. எனக்கு இருக்கிறது, நானும் அந்த ஞாயிறு போகவில்லை. பூங்காவில் இருந்தேன். அடுத்தது 2028 மார்ச்.

பற்றரி சிவப்பு காட்டுகிறது. அம்மாவும் போன் அடிக்கிறா, உதவிக்கு வருகிற பெண்ணுக்கு இடியப்பம் அவிக்க மா முடிந்துவிட்டதாம். உதவ வருகிற பிள்ளைக்கு இவ அவித்துக் கொடுக்கிறா. நான் கடைக்குப் போகிறேன்.