கன்னியாவின் ஒரு வாளி வெந்நீர்

[காட்சி: திருகோணமலையின் கன்னியா, அதிகாலை. ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றுக்குள் வாளி இறங்குகிறது.]

அம்மம்மாவின் அந்தியேட்டி நாளில்தான் இந்த நீரை முதன்முதலில் தலையில் ஊற்றிக்கொண்டேன். விறகும் இல்லை, அடுப்பும் இல்லை, நீர் சுடுகிறது. இராவணன் தன் தாயின் கிரியைக்காக நிலத்தைக் குத்தியபோது பிறந்த ஊற்றுகள் இவை என்பது நம் ஊர்க்கதை. கீழே எரிமலை இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வோம். இலங்கையில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை.

[காட்சி: நிலத்தின் குறுக்குவெட்டு வரைபடம். மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்குகிறது.]

பூமிக்குள் ஒரு கிலோமீற்றர் இறங்கினால் பாறையின் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை கூடும். மழைநீர் வெடிப்புகள் வழியே ஆழத்துக்குப் போகிறது. பாறையின் சூடு கடத்தல் மூலம் நீருக்குள் ஏறுகிறது. சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த நீரின் பாரம் கீழிருந்து அதைத் தள்ளுகிறது.

பாறைக்குச் சூடு கொடுத்தது யார்? ஒரு பங்கு, 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி உருவானபோது மிஞ்சியது. இன்னொரு பங்கு யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவிலிருந்து இன்றும் பிறக்கிறது. அந்தத் தோரியம் நம் மாவட்டத்துப் புல்மோட்டை மணலிலும் இருக்கிறது. மொனசைட் என்ற கனியத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

[காட்சி: வாளி அருகில். திரையில் எண்கள்.]

இனி ஒரு கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். நம் வாளியில் 40 பாகையில் 10 லீற்றர் நீர் இருக்கிறது, வெளியே 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நீரை, அதாவது ஒரு லீற்றரை, ஒரு பாகை சூடாக்க 4200 யூல் வேண்டும்; யூல் என்பது சக்தியை அளக்கும் அலகு. ஆகவே, 10 × 4200 × 12 = 504,000 யூல்.

அதே நீரை ஒரு மீற்றர் தூக்க ஏறத்தாழ 100 யூல் போதும். இந்தச் சூடு முழுவதையும் தூக்கும் வேலைக்குத் திருப்ப முடிந்தால், நீர் 5 கிலோமீற்றர் உயரம் போகும். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகால மலையின் உயரம் 2524 மீற்றர். ஒன்றின்மேல் ஒன்றாக அப்படி இரண்டு மலைகள்!

ஆனால் திருப்ப முடியாது. வெப்பம் என்பது மூலக்கூறுகள் திசையின்றி முட்டி மோதும் அசைவு. அதிலிருந்து எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதற்கு எல்லை உண்டு; இரு வெப்பநிலைகளே அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றன. 1824இல் பிரான்சின் சாடி கார்னோ கண்ட உண்மை இது. 40க்கும் 28க்கும் இடையே, எவ்வளவு சிறந்த இயந்திரம் செய்தாலும் நூற்றுக்கு நான்கு பங்குகூடக் கிடைக்காது.

[காட்சி: மூதூர்ப் பக்கம். மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கிறது.]

இப்போது இந்த ஆற்றைப் பாருங்கள். 335 கிலோமீற்றர் ஓடிக் களைத்து வந்திருக்கிறது. வரும் வழியில் கொத்மலை, விக்டோரியா நீர்மின் நிலையங்களில் சுழலிகளைச் சுற்றியிருக்கிறது. ஒரு லீற்றர் நீர் 100 மீற்றர் விழுந்தால் கிடைப்பது ஏறத்தாழ 1000 யூல். அந்த நீரைக் கால் பாகைகூடச் சூடாக்க அது போதாது. ஆனாலும் அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை மின்சாரமாகிவிடும், ஏனெனில் விழும் நீர் முழுவதும் ஒரே திசையில் ஓடுகிறது.

இந்த நீரை மலையுச்சிக்குத் தூக்கியது சூரியன். கடலை ஆவியாக்கி, மேகமாக்கி, மழையாக இறக்கியது. நிலாவெளி உப்பளத்தில் உப்பு விளைவதும், கடற்கரையில் கருவாடு காய்வதும் அதே வெயிலில்தான். படகு எஞ்சினில் எரியும் எண்ணெயும் பழங்காலத்து வெயிலே. நுண்ணுயிர்கள் பிடித்துவைத்தது, கடலடியில் புதைந்து எண்ணெயானது. கன்னியாவின் சூட்டுக்கு மட்டும் வேர் பூமிக்குள் இருக்கிறது.

[காட்சி: மீண்டும் கன்னியா. வாளி கவிழ்கிறது. ஈரத் தரையிலிருந்து மெல்லிய ஆவி.]

ஊற்றிய நீர் ஆறுகிறது. ஒரு யூல்கூட அழியவில்லை; காற்றிலும் தரையிலும் பரவிவிட்டது, இனித் திரட்ட முடியாதபடி. நேற்றிரவு மகாவலி மின்சாரத்தில் நம் வீட்டில் எரிந்த விளக்கின் சூடும் இதே காற்றில்தான் கலந்திருக்கிறது.