மியூனிசிபல் வேஸ்ட் ரசிகர்களும் நம் காதுகளும்

(வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் நடந்த தமிழர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை நமக்குத் திறந்துவிட்டு இன்னும் வீட்டுக்குப் போகாமல் இருக்கும் நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த மருத்துவர் ஐயா அவர்களே, தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளே, காபி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். தலைவர் எனக்கு 15 நிமிடம் கொடுத்திருக்கிறார். அந்த 15 நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மியூனிசிபல் வேஸ்ட் என்ற இசைக்குழுவைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். இந்த இசை எங்கிருந்து வந்தது, ரசிகர்கள் ஏன் இவர்களை இப்படிக் கொண்டாடுகிறார்கள், பாடல் வரிகளில் என்ன இருக்கிறது.

எங்கள் பாட்டி எதற்கெடுத்தாலும் சொல்வார்: வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும். அதை மேடையில் செய்து காட்டுகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். மியூனிசிபல் வேஸ்ட் 2001இல் இதே ரிச்மண்டில் தொடங்கிய இசைக்குழு. டோனி ஃபொரஸ்டா பாடுகிறார், ரையன் வேஸ்ட் கிதார் வாசிக்கிறார். ஹார்ட்கோர் பங்க் என்ற மூர்க்கமான ராக் இசையின் அவசரமும், த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக மெட்டல் இசையின் கிதாரும் கலந்ததுதான் இவர்கள் வாசிக்கும் க்ராஸ்ஓவர். ஹூஸ்டனில் தொடங்கிய டி.ஆர்.ஐ. குழு 1987இல் வெளியிட்ட 'க்ராஸ்ஓவர்' ஆல்பத்தின் பெயரே இந்த வகைக்கும் நிலைத்துவிட்டது. பாட்டு சட்டென்று தொடங்கும், நாம் நிமிர்ந்து உட்காருவதற்குள் முடிந்துவிடும்.

சிரிப்பிலும் இரண்டு வகை உண்டு. 1985இல் நியூயார்க்கின் எஸ்.ஓ.டி. குழு 'ஸ்பீக் இங்கிலிஷ் ஆர் டை' என்று ஓர் ஆல்பம் போட்டது. ஆங்கிலம் பேசு, இல்லாவிட்டால் செத்துப்போ! வேடிக்கைக்குத்தான் என்று குழுவினர் சொன்னார்கள். இசையில் குறை சொல்ல முடியாது. இந்த வகைக்கே அது ஒரு மூலநூல் மாதிரி. ஆனால் புலம்பெயர்ந்து வந்த நாம் அந்தப் பாட்டுக்குச் சிரிக்க வேண்டியதில்லை. மியூனிசிபல் வேஸ்ட் பாட்டுகளில் வருவது பேய், பியர், நச்சுக்கழிவில் பிறந்த பூதம், விடிய விடியக் கும்மாளம். யாருடைய ஊரையும் நாக்கையும் கேலி செய்து வாங்குகிற சிரிப்பு அல்ல அது. எனக்கு இவர்களைப் பிடித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம்.

என் மகன் ஒருமுறை என்னைக் கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனான். சின்ன அரங்கம், நெருக்கியடித்த கூட்டம். எனக்கு முன்னால் ஓர் ஒல்லிப் பையன். ஜீன்ஸ் மேல்சட்டை முழுக்கக் குழுப் பெயர்கள் தைத்திருந்தது. அக்குளில் நீலநிறப் பலகை. வர்ஜீனியா பீச்சில் பிள்ளைகள் வயிற்றுக்கு அடியில் வைத்து அலையில் சறுக்குவார்களே, அந்த ஸ்பாஞ்ச் பலகையேதான்! கடலுக்குப் போகிறவன் வழிதவறி வந்துவிட்டானோ என்று நினைத்தேன். "அப்பா, இவங்க கச்சேரிக்கு இது பழைய வழக்கம்" என்றான் மகன். பாட்டு ஆரம்பித்தது. பையன் பலகையில் குப்புறப் படுத்தான். ஊரே சேர்ந்து அவனைத் தலைக்கு மேலே தூக்கியது. மேடை வரை போனான், திரும்பினான், எங்கள் அருகே வந்ததும் கவிழ்ந்தான். அதுவரை வட்டமாக ஓடி ஒருவரையொருவர் இடித்துக்கொண்டிருந்த தடியர்கள் அத்தனை பேரும் அந்த நொடியே நின்றார்கள். தூக்கி நிறுத்தினார்கள், "அடிபட்டதா" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். ஒருவர் அவன் ஷூவைக் கையில் உயர்த்திக்கொண்டு நின்றார். பலகை மட்டும் ஆளில்லாமல் அரங்கைச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் நரைத்த தலையோடு ஓர் அம்மா அதில் ஏறினார் பாருங்கள், கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஆரவாரம்! முன்பின் தெரியாதவர்கள் தோளில் கைபோட்டுச் சிரித்தார்கள். வாய் விட்டுச் சிரித்தால் நோய் விட்டுப் போகும். பாட்டி இருந்திருந்தால் அவரும் ஏறியிருப்பார்.

வீட்டுக்கு வந்து படுத்தபோது இரண்டு காதிலும் 'ஙொய்' என்று ஒரே சத்தம். காலையிலும் நிற்கவில்லை.

மருத்துவர் ஐயா மன்னிக்க வேண்டும், அவருடைய துறைக்குள் நுழைகிறேன். பாட்டியின் பழமொழி எந்த நோய்க்கும் பொருந்தட்டும், காதுக்குப் பொருந்தாது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் மனிதருக்கு ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு. மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு எவ்வளவு தெரியுமா? 15 நிமிடம். தலைவர் எனக்குக் கொடுத்த அதே 15 நிமிடம்! ராக் கச்சேரிகள் 100ஐச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்கு வகுத்த நெறியில், சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது, காதடைப்பான் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருக்கிறது.

ஸ்பாஞ்ச் காதடைப்பானைச் சும்மா சொருகினால் பயன் இல்லை. விரலில் மெல்லிசாக உருட்டுங்கள். மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விடுங்கள். அது விரியும் வரை விரலால் அழுத்தியிருங்கள். பாட்டு கேட்கும், தெளிவாகவே கேட்கும்.

பாடல் வரிகளைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் பொங்கல் விழாவில் பறையும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கும்போது பிள்ளைகளை எங்கே உட்கார வைக்கிறோம்? பெட்டிக்கு நேர் முன்னால். இந்த வருடம் முதல் வரிசையை அங்கிருந்து தள்ளிப் போடுங்கள். வாசலில் சந்தனம், கற்கண்டு வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் காதடைப்பான் தட்டும் இருக்கட்டும், செலவை நான் ஏற்கிறேன். செயற்குழுவுக்கு மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், காபி மேசையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. நன்றி, வணக்கம்.