பிரிபடாத நிலம்: ஜமைக்காவும் மஸ்கோகி நாடும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜமைக்காவின் கிராமத்து மக்களையும் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வாழும் கிரீக் மக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்று பேசப் போகிறேன். கிரீக் என்றதும் கிரேக்கம் நினைவுக்கு வரலாம். அதற்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இன்று ஜார்ஜியா, அலபாமா என்று சொல்லப்படும் மண்ணின் ஆதிகுடிகள் இவர்கள். கிரீக் என்றால் ஓடை. ஆங்கிலேய வணிகர்கள் வைத்த பெயர். தங்களை அவர்கள் மஸ்கோகி என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

தலைக்கு எத்தனை டாலர் வருமானம் என்று இரண்டு பக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்தால் நமக்கு ஒன்றும் விளங்காது. ஜமைக்கா 1962-இல் விடுதலை பெற்ற நாடு. ஏறக்குறைய 28 லட்சம் பேர் வாழ்கிறார்கள். கடனும் நாணயமும் அதன் சொந்தப் பொறுப்பு. மஸ்கோகி நாடு, அமெரிக்காவுக்குள் ஒப்பந்தங்களால் ஏற்கப்பட்ட ஒரு பழங்குடி அரசு. அதன் குடிமக்கள் அமெரிக்கக் குடிமக்களும்கூட. எனவே வருமானத்தை விட்டுவிடுகிறேன். இருவரையும் ஒப்பிடத் தகுந்த இடம் நிலம். பிரிக்காமல், விற்காமல், இரத்த உறவு அத்தனைக்கும் பொதுவாக நிலத்தை வைத்துக்கொள்வது இரண்டு மக்களுக்கும் வழக்கம். சட்டமோ ஓர் ஆளின் பெயரில் உள்ள பத்திரத்தைத்தான் நிலம் என்று ஒப்புக்கொள்ளும். கிரீக் மக்களுக்குப் பத்திரம் கிடைத்தது, நிலம் போனது. ஜமைக்காவில் நிலம் நின்றது, பத்திரம் வரவில்லை. ஏழைக்குப் பட்டா கொடுத்துவிட்டால் வறுமை தீரும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஜமைக்கா. அடிமைக் காலத்தில் கரும்புத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளுக்குச் சோறு போடும் செலவைக் குறைக்க, கரும்புக்கு உதவாத மலைச்சரிவுகளை அவர்களிடமே விட்டிருந்தார்கள். அங்கே வள்ளிக்கிழங்கும் வாழையும் போட்டு, தாங்கள் உண்டது போக மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். சட்டப்படி ஓர் அடி மண்கூட அவர்களுடையது இல்லை. ஆனாலும் தாய் உழுத துண்டு மகளுக்கு என்ற வழக்கம் அப்போதே வேர்விட்டது. 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது; முழு விடுதலை 1838-இல். பிரித்தானிய அரசு தன் குடியேற்றங்களின் அடிமை உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை, ஒரு குழி நிலமும் இல்லை. நேற்றுவரை குடியிருந்த குடிசைக்கே வாடகை கேட்டார்கள். சில தோட்டங்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்காமல், குடும்பத்தில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று வசூலித்தார்கள். இதிலிருந்து தப்பத்தான் பாப்டிஸ்ட் பாதிரிமார் நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து, விடுதலை பெற்றவர்களுக்கு விற்றார்கள். அந்த வகையில் முதல் ஊரின் பெயர் ஸ்லைகோவில்; 1835-இல் தொடங்கியது. தோட்ட வேலைக்கு ஆள் குறைந்ததும் முதலாளிகள் 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும், சிலர் சென்னை வழியாகவும் போனவர்கள்.

அப்படிக் காசு சேர்த்து வாங்கிய ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர்தான் பின்னாளில் "குடும்ப நிலம்" ஆனது. அதன் விதிகள் எங்கும் எழுதப்படவில்லை, எல்லாருக்கும் தெரியும். வாங்கியவரின் வழியில் வந்த அத்தனை பேருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, உரிமை உண்டு. ஊரில் இருப்பவர் பயிரிடலாம், வீடு கட்டலாம். மரத்துப் பழத்தை எந்த வாரிசு வந்தாலும் பறிக்கலாம். விற்க எவருக்கும் அதிகாரமில்லை. பெரியவர்களின் கல்லறைகள் வீட்டு முற்றத்திலேயே இருக்கும். பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து, அதன்மேல் ஒரு தென்னையையோ ஈரப்பலாவையோ நட்டு, அது அந்தப் பிள்ளையின் மரம் என்று சொல்லும் வழக்கம் இருந்தது. பனாமாவுக்கும் கியூபாவுக்கும் பிறகு லண்டனுக்கும் கூலிக்குப் போனவர்களுக்கு அந்த மரம்தான் ஊரில் தங்களுக்குப் பங்குண்டு என்பதற்குச் சாட்சி.

இந்த வழக்கத்தின் நியாயம் சட்டத்தின் நியாயத்தைவிடப் பெரியது என்று நான் கருத ஒரு காரணம் உண்டு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழிச் சொத்துரிமையை ஜமைக்கச் சட்டம் 1976-இல்தான் சமமாக்கியது. அந்த நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் அப்படிப் பிறந்தவர்கள். குடும்ப நிலம் அவர்களை ஒருநாளும் வெளியே நிறுத்தவில்லை.

சிக்கல் எங்கே வருகிறது? வாங்கியவர் உயில் எழுதாமல் இறந்திருப்பார். கையில் இருப்பது ஒரு பழைய ரசீது. சொத்துவரிச் சீட்டு இன்றும் இறந்துபோன கொள்ளுத்தாத்தாவின் பெயரிலேயே வரும். தண்ணீர்த் தொட்டி கட்டவோ சொட்டுநீர்க் குழாய் போடவோ வங்கியில் கடன் கேட்டால், பதிவு செய்த பத்திரம் எங்கே என்பார்கள். பத்திரம் வாங்க வேண்டுமென்றால் நில அளவையாளர் வரைபடம், வரி ரசீதுகள், நிலத்தை நெடுங்காலமாக அறிந்த, அதில் பங்கில்லாத இருவரின் உறுதிமொழி, வாரிசுகள் அனைவரின் இறப்பு, பிறப்புச் சான்றுகள் எல்லாம் சேர வேண்டும். நான்கு தலைமுறை வாரிசுகள் மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கும்போது இது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். செலவு நிலத்தின் விலையையே எட்டிப் பிடிக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஜமைக்காவில் தனியார் நிலத்தை 12 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்தவர் அதன் உரிமையைக் கோரலாம். அரசு நிலமாக இருந்தால் 60 ஆண்டுகள். எனவே ஊரிலேயே தங்கி நிலத்தைக் காத்த அத்தை மகன், ஒருநாள் தன் ஒருவன் பெயருக்கே பத்திரம் கேட்டு மனுப் போட முடியும். இங்கிலாந்தின் பர்மிங்காமிலோ கனடாவின் டொராண்டோவிலோ இருக்கும் மற்ற வாரிசுகள் அந்த அறிவிப்பைப் பார்க்காமல் போனால், பதிவாளரிடம் உரிய காலத்தில் ஆட்சேபம் பதியாமல் போனால், அவர்களின் பங்கு அத்தோடு முடிந்தது. குடும்ப நிலம் வழக்குமன்றத்துக்குப் போகும் வழிகளில் முக்கியமானது இது. பெரும்பாலும் அந்த அத்தை மகனும் கெட்டவன் இல்லை. பத்திரம் இல்லாமல் கடன் கிடைக்காது என்பதற்காகத்தான் அந்தப் பாதையில் இறங்கியிருப்பான்.

இனி கிரீக் மக்கள். 1814-இல் போரில் தோற்று, ஒரே ஒப்பந்தத்தில் 2 கோடி ஏக்கருக்கு மேல் பறிகொடுத்தவர்கள். அதன் பின்னும் அலபாமாவில் எஞ்சிய மண்ணை 1832-ஆம் ஆண்டு ஒப்பந்தம் தனித்தனிப் பங்காக்கியது: தலைவர்கள் 90 பேருக்கு ஆளுக்கு 640 ஏக்கர், மற்றக் குடும்பத் தலைவர்களுக்கு 320 ஏக்கர். நடந்தது என்ன? நில வணிகர்கள் யாரோ ஒருவரைக் கூலிக்குப் பிடித்து, அதிகாரி முன் நிறுத்தி, இவர்தான் பங்குக்காரர் என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் குறி போட வைத்தார்கள். உண்மையான உரிமையாளர் தன் சோளக்கொல்லையில் நின்றுகொண்டிருக்கும்போதே நிலம் கைமாறியது. 1836-இல் படையை வைத்து மக்களை மேற்கே ஓட்டினார்கள்.

லோச்சபோக்கா என்ற கிரீக் ஊரார், விட்டுவந்த ஊரின் நெருப்புத் தணலைக் காத்து எடுத்துப் போய், ஆர்க்கன்சா ஆற்றங்கரையில் ஓர் ஓக் மரத்தடியில் மீண்டும் மூட்டினார்கள். அந்த மரம் இன்றும் ஓக்லஹோமாவின் டல்சா நகரின் நடுவில் நிற்கிறது. டல்சா என்ற பெயரே அவர்களுடைய ஊர்ப் பெயரிலிருந்து வந்தது.

புதிய இடத்தில் மண் மறுபடி பொதுவானது. வீடும் வேலியும் பயிரும் அவரவருடையது; மண் மட்டும் எல்லாருக்கும். இதைப் பொற்காலமாக வருணிக்க மாட்டேன். கிரீக் மக்களிலும் பணக்காரர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். பிறகு பெரிய மேய்ச்சல் வெளிகளை வளைத்து டெக்சஸ் மாட்டு வணிகர்களுக்குக் குத்தகைக்கு விட்டவர்களும் உண்டு. 1866-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மேற்குப் பாதி நிலத்தை ஏக்கருக்கு 30 சென்ட் விலைக்கு இழந்தார்கள். விடுதலை பெற்ற அடிமைகளுக்குச் சம குடியுரிமையும் கொடுத்தார்கள். அதே 1866-இல்தான், மொராண்ட் பே என்ற ஊரில் ஏழைக் கறுப்பின மக்கள் எழுப்பிய கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்ட பின், ஜமைக்கா தன் சட்டசபையை இழந்து பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்குள் போனது.

இந்த இடத்தில் ஒப்பீடு கூர்மையாகிறது. 1901-இல் அமெரிக்க அரசு மஸ்கோகி மண்ணை மீண்டும் பங்கு போட்டபோது, குடிமகன் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர். கைக்குழந்தைக்கும் 160 ஏக்கர். முன்னாள் அடிமைகளின் வழிவந்த கறுப்பினக் குடிமக்களுக்கும் அதே 160. ஜமைக்காவில் விடுதலை பெற்றவர் வியர்வைக் காசில் ஓர் ஏக்கர் வாங்கியதை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் 160 ஏக்கர் பெற்றவரின் பேரப்பிள்ளைகளிடம் பல இடங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

முதலில் அந்தப் பங்கில் 40 ஏக்கர் வீட்டு நிலம் என்று காப்பிடப்பட்டிருந்தது. விற்க முடியாது, வரி கிடையாது. 1905-இல் டல்சாவுக்குத் தெற்கே, ஐடா கிளென் என்ற கிரீக் பெண்மணியின் பங்கு நிலத்தில் எண்ணெய் பீறிட்டது. மூன்றே ஆண்டில், 1908 மே 27-ஆம் நாள் சட்டம் வந்தது. கறுப்பினக் குடிமக்கள், பாதிக்கும் குறைவான பழங்குடி இரத்தம் உள்ளவர்கள் என்று குடிமக்கள் பட்டியலில் எழுதப்பட்டவர்கள், இவர்கள் நிலத்துக்கு இருந்த காப்பு முழுவதும், 40 ஏக்கர் உட்பட, நீங்கியது. காப்பு நீங்கியதும் விற்கலாம். வரியும் கட்ட வேண்டும். வரிக்கு ரொக்கம் இல்லாதவர் விற்றார். சிறுவர்களின் நிலத்தை மாவட்ட வாரிசுரிமை நீதிமன்றங்கள் தங்கள் கைக்குள் கொண்டுவந்து காப்பாளர்களை நியமித்தன. குழந்தையின் வருமானத்திலிருந்து காப்பாளர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் கழிந்தன. பல குழந்தைகளுக்கு நிலமே கழிந்தது. 1902-இல் பிறந்த சாரா ரெக்டர் என்ற கறுப்பினக் கிரீக் சிறுமியின் நிலத்துக்கு வரி கட்ட முடியாமல் தந்தை தவித்தார். 1913-இல் அங்கே நாளொன்றுக்கு 2,500 பீப்பாய் எண்ணெய் வந்ததும், வெள்ளைக்காரக் காப்பாளர் ஒருவரிடம் அந்தச் சொத்து ஒப்படைக்கப்பட்டது. சாரா பணத்தோடு வளர்ந்தது அரிதான விதிவிலக்கு.

காப்பு நீங்காத நிலத்துக்கு வேறொரு நோய் பிடித்தது. 160 ஏக்கர், நான்கு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் நான்கு பிள்ளைகள், மறுபடி நான்கு. மூன்றாம் தலைமுறையில் 64 பேர், ஆளுக்கு இரண்டரை ஏக்கர், அதுவும் எல்லை இல்லாத இரண்டரை ஏக்கர். எண்ணெய் எடுப்பவர் நிலத்துக்காரருக்குத் தரும் வழக்கமான உரிமைத்தொகை எட்டில் ஒரு பங்கு. அதை 64 ஆக்கினால், 159 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு ஒருவருக்குக் கிடைப்பது 310 மில்லி எண்ணெய்க்கான காசு. இதற்கு மேல், 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது: வாரிசின் பழங்குடி இரத்தம் பாதிக்குக் குறைந்தால் அவர் பங்கின் காப்பு போய்விடும். கலப்புத் திருமணம் செய்த ஒவ்வொரு தலைமுறையிலும் நிலம் துண்டு துண்டாகக் காப்பிழந்தது. அந்த நிபந்தனையை 2018 டிசம்பர் 31 அன்றுதான் நீக்கினார்கள். அதற்கு முன் காப்பிழந்து விற்றுப்போன நிலம் திரும்பவில்லை.

2020 ஜூலை 9 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மஸ்கோகி நாட்டின் எல்லை ஒருபோதும் சட்டப்படி கலைக்கப்படவில்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. டல்சாவின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் வருகிறது. தீர்ப்பு குற்ற வழக்கு அதிகாரத்தைப் பற்றியது. எந்த வீட்டின் பத்திரமும் மாறவில்லை. ஆனாலும் இன்று மஸ்கோகி அரசுக்கு சூதாட்ட விடுதி வருமானமும் கூட்டாட்சி அரசின் நிதியும் இருக்கின்றன. டல்சாவில் மூடப்பட்ட ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கட்டடத்தை 2021-இல் வாங்கித் தன் மருத்துவமனையாக்கியது. தனிமனிதர் கையிலிருந்து போன நிலத்தின் இடத்தில் பொது நிறுவனம் நிற்கிறது. ஜமைக்கக் கிராமத்தில் இது தலைகீழ்: நிலம் கையில் உண்டு, கைச்செலவுக்கு வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணம். கறுப்பினக் கிரீக் மக்களுக்கோ இரண்டும் இல்லாமல் போயிற்று: மஸ்கோகி நாட்டின் 1979 அரசியலமைப்பு அவர்களின் குடியுரிமையையே பறித்தது. 1866 ஒப்பந்தப்படி அவர்களின் வழிவந்தவர்களும் குடிமக்களே என்று மஸ்கோகி உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. மிகத் தாமதமான, மிகச் சரியான தீர்ப்பு.

அப்படியானால் பத்திரமே வேண்டாமா? வேண்டும். எல்லாருடைய பெயரிலும் பொதுவாகப் பதிவு செய்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பொதுப் பங்குதாரர்களில் ஒரே ஒருவர் வழக்குப் போட்டு முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். 64-இல் ஒரு பங்கை மலிவாக வாங்கிய வெளியாள்கூட அதைச் செய்யலாம். இதைத் தடுக்க அமெரிக்காவில் 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றிருக்கின்றன. பிரிவினை வழக்கு வந்தால் முதலில் எல்லா வாரிசுகளுக்கும் அறிவிப்பு. பிறகு நீதிமன்றமே நிலத்தை மதிப்பிடும். விற்கக் கேட்டவரின் பங்கை அந்த மதிப்பில் மற்ற வாரிசுகள் வாங்க முதல் வாய்ப்பு. அவர்கள் வாங்காவிட்டால் நிலத்தைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்ற ஆய்வு. அதுவும் முடியாதென்றால் மட்டும் சந்தை விலைக்கு விற்பனை, அவசர ஏலம் கிடையாது. ஜார்ஜியா 2012-இலும் அலபாமா 2014-இலும் இதை ஏற்றன. கிரீக் மக்களை விரட்டிய அந்த மண்ணில், கறுப்பினக் குடும்பங்களின் பிரிபடாத நிலத்தை இன்று இந்தச் சட்டம் காக்கிறது.

ஜமைக்காவில் இப்போது பகுதி பகுதியாக நிலத்தை அளந்து பதியும் பணி நடக்கிறது. அங்கே குடும்ப நிலம் உள்ளவர்கள், அளவையாளர் வருமுன் முடிக்க வேண்டிய வேலை இது: வாங்கிய மூதாதையிலிருந்து இன்றைய குழந்தைவரை வாரிசு வரிசையை ஒரே தாளில் எழுத வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் இறப்பு அல்லது பிறப்புச் சான்று சேர்க்க வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களின் முகவரியைப் பக்கத்தில் குறித்து, அந்தத் தாளின் நகல் ஒன்றை அவர்களுக்கே அனுப்பிவைக்க வேண்டும். எந்தக் கல்லறை யாருடையது என்று சொல்லத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.

வணக்கம்.