கத்தரிக்கோலால் தூங்கவைக்கும் கொடி

(காட்சி: அதிகாலை இருட்டு. அல்சூர் ஏரிக்கரையில் ஒரு டெம்போ டிராவலர்.)

பிப்ரவரி மாதத்து ஞாயிறு. 14 பேர், இரண்டு தூக்கு நிறையப் புளியோதரை. நந்தி மலை இங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சூரிய உதயம் பார்க்கப் பாதி பெங்களூரு உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கும். நாம் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் பார்க்க அடிவாரத்திலேயே இறங்கிவிடுகிறோம்.

(காட்சி: பந்தலுக்கு அடியில் கருநீலக் கொத்துகள்.)

இது பெங்களூரு நீலத் திராட்சை. புவிசார் குறியீடு பெற்றது. விரலால் அழுத்தினால் சதை நழுவி வெளியே வந்துவிடும், தோல் மட்டும் கையில் நிற்கும். கம்பம் பன்னீர் திராட்சை தின்று வளர்ந்த நாக்குக்கு இதன் மணம் சற்று முரடு. எங்கள் சித்தி ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். சாற்றுக்கும் ஜாமுக்கும் அருமையான பழம்.

ஒயினுக்கு வளர்ப்பவை பெரும்பாலும் வேறு. கேபர்னே சாவினியோன், ஷிராஸ் போன்ற பிரெஞ்சு வகைகளை 1980களில் இந்த அடிவாரத்துக்குக் கொண்டுவந்தவர் ஒயின் தொழிலதிபர் கன்வல் குரோவர். அவை பந்தலில் படர்வதில்லை. கம்பி வரிசைகளில் நிற்கின்றன.

(காட்சி: கவாத்துக் கத்தரி, அண்மைக் காட்சி.)

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கும். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை வடக்கே. இங்கே அதை உறங்கவைக்கும் அளவுக்குக் குளிர் இல்லை, விட்டால் ஆண்டு முழுவதும் பச்சையாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அந்த உறக்கத்துக்குப் பதிலாக உழவர் இரண்டு முறை வெட்டுகிறார். அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து. புதிய கிளைகள் எழும். அடுத்த காய்ப்புக்கான மொட்டு அந்தக் கிளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உருவாகும். செப்டம்பர், அக்டோபரில் மறுபடி கவாத்து. இது காய்க்கவைப்பதற்கு. பழம் முதிரும் மாதங்களில் மழை இல்லை, இரவில் குளிர்ச்சி. அதனால் இனிப்பு ஏறும்போதும் புளிப்பு முழுவதும் போய்விடுவதில்லை. எந்தக் கணுவில் வெட்டுவது என்ற கணக்குத் தவறினால் அந்த ஆண்டு வெறும் இலைதான்.

கத்தரி பிடித்திருந்த அம்மா பக்கத்து வரிசைக்காரரிடம் தெலுங்கும் மேஸ்திரியிடம் கன்னடமும் பேசினார். எங்களைப் பார்த்ததும் தமிழ். எங்கள் பிள்ளைகள் மொழி கற்க நாங்கள் பள்ளியில் பணம் கட்டுகிறோம்.

(காட்சி: எஃகுத் தொட்டிகள், மர பீப்பாய்கள்.)

ஆலைக்குள் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: சிவப்பு ஒயினின் நிறம் தோலிலிருந்து வருகிறது, சாற்றிலிருந்து அல்ல. தோலோடு சேர்த்து நொதிக்கவைக்கிறார்கள். சுவை பார்க்கும் மேசையில் பேசப்பட்ட சாக்லேட் மணமும் புகையிலை மணமும் எனக்குக் கடைசிவரை எட்டவில்லை.

(காட்சி: நந்தி கிராமம், போகநந்தீசுவரர் கோயில்.)

9ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோயில். நுளம்பர், சோழர், ஒய்சளர், விசயநகரத்தார் என ஆளுக்கொரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். இரட்டைச் சந்நிதிகளில் ஒன்று அருணாசலேசுவரருடையது. பெயரைக் கேட்டதும் திருவண்ணாமலைக்காரரான எங்கள் பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், புளியோதரை தீர்ந்த பிறகுதான் வெளியே வந்தார்.