6 மாதத்தில் கறை தானாகப் போய்விடுமா? அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜ் கதை

(திரையில்: மங்கிப்போன ஒரு சான்றிதழ்)

ராணுவத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் சான்றிதழில் ஒரே ஒரு சொல். அதை மாற்ற 66 வருடம் ஆனது!

1906 ஆகஸ்ட் 13, நள்ளிரவு. டெக்சாஸில் பிரவுன்ஸ்வில் என்ற ஊரில் திடீரென்று துப்பாக்கிச் சத்தம். ஒருவர் செத்துப்போனார். பழி நேராக ஊருக்குப் பக்கத்துக் கோட்டையில் இருந்த கறுப்பினச் சிப்பாய்கள் மேல் விழுந்தது. "அவர்கள் அப்போது பாசறையில்தான் இருந்தார்கள்" என்று அவர்களுடைய வெள்ளைக்கார அதிகாரிகளே சொல்லியும் எடுபடவில்லை. சிப்பாய்கள் ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. செய்யாத ஒன்றுக்கு யாரைக் காட்டிக்கொடுப்பது? அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரையும் நீதிமன்ற விசாரணையே இல்லாமல் "கௌரவமின்றி" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

1972இல்தான் ராணுவம் அதை "கௌரவமான விடுவிப்பு" என்று திருத்தியது. அப்போது உயிரோடு இருந்த டார்சி வில்லிஸுக்கு வயது 86. மினியாபொலிஸில் ஒரு முடிதிருத்தும் கடையில் ஷூ பாலிஷ் போட்டே வாழ்க்கையை ஓட்டியவர். மறுவருடம் அவருக்கு 25,000 டாலர் ஒதுக்கினார்கள். 66 வருடத்தால் வகுத்துப் பாருங்கள், மாதம் 32 டாலர்கூட வராது. எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வில்லிஸ் தப்பே செய்யாதவர். உண்மையிலேயே தப்பு செய்து வெளியேற்றப்பட்டவர் சான்றிதழை மாற்றச் சொல்லிப் போய்க் கேட்டால்?

டிஸ்சார்ஜ் என்றதும் ஆஸ்பத்திரி பில் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. இது நம் பள்ளி டி.சி.யில் வரும் "நடத்தை: நன்று" மாதிரி. மேலே ஹானரபிள் (கௌரவமானது), அடுத்து ஜெனரல், அதற்குக் கீழே அதர் தேன் ஹானரபிள் (கௌரவமானது அல்லாதது). அதற்கும் கீழே உள்ள இரண்டு ராணுவ நீதிமன்றம் கொடுக்கும் தண்டனைகள். ஒரு படி இறங்கி ஜெனரல் என்றாலே படிப்புக்கான அரசு உதவித்தொகை போச்சு.

(திரையில்: 6 மாதம்? பெரிய சிவப்புப் பெருக்கல் குறி)

6 மாதம் கழித்து அது தானாக ஹானரபிள் ஆகிவிடும் என்று ஒரு வதந்தி பல காலமாகச் சுற்றுகிறது. ஆகாது. விண்ணப்பித்தால்தான் உண்டு. வெளியே வந்து 15 வருடத்துக்குள் என்றால் 293ஆம் எண் படிவம், மறுஆய்வு வாரியத்துக்கு. அதைத் தாண்டிவிட்டால் 149ஆம் எண், ஆவணத் திருத்த வாரியத்துக்கு. அவ்வளவுதான், போரடிக்கும் பகுதி முடிந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். 2017இல் பாதுகாப்புத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரால் அது குர்டா மெமோ (ஜவுளிக்கடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஒரு சிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஈராக்கிலிருந்து திரும்பினார், தூக்கம் இல்லை, கஞ்சா பிடித்தார், சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டினார், வெளியே அனுப்பிவிட்டார்கள். "நான் பிடிக்கவேயில்லை" என்று அவர் வாதாட வேண்டியதில்லை. வாரியம் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். தப்பைப் பொறுக்கவோ குறைத்துப் பார்க்கவோ இடம் தரும் மனநோயோ தலைக்காயமோ பாலியல் கொடுமையோ உண்டா? அது பணியில் இருந்தபோதே நேர்ந்ததா? அதற்கும் இந்தத் தப்புக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? கடைசியாக, தராசில் வைத்தால் எது கனம், அந்தக் காரணமா, டிஸ்சார்ஜா?

அந்த மூன்றாவது கேள்வியில்தான் பல பேர் சறுக்குவார்கள் என்பது என் கணிப்பு. மனஉளைச்சலுக்கு மருந்தாக நினைத்து போதையை நாடியிருக்கலாம் என்பதை அந்த மெமோவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் முன்கூட்டித் திட்டம் போட்டுச் செய்த காரியத்துக்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. கஞ்சா பிடித்ததையும் கிடங்கில் சாமான் திருடி விற்றதையும் ஒரே காரணம் சொல்லி நியாயப்படுத்த முடியாது, இல்லையா? இன்னொரு ஆச்சரியம்: டாக்டர் சீட்டு இல்லாவிட்டாலும், அந்தப் பாதிப்பு இருந்தது என்பதற்கு விண்ணப்பித்தவரின் வாக்குமூலம் மட்டுமே போதுமானதாக ஆகலாம். வியட்நாம் போன தலைமுறைக்கு இது பெரிய விஷயம். பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப்பாதிப்பு, என்ற பெயரே மருத்துவக் கையேட்டில் 1980இல்தான் ஏறியது. இல்லாத பெயருக்கு அவர்கள் அன்றைக்கு எங்கே போய்ச் சீட்டு வாங்குவது?

"கேட்டால் இருப்பதும் போய்விடுமோ?" என்று ஒருவர் கேட்கலாம். போகாது. மறுஆய்வு வாரியத்தால் டிஸ்சார்ஜை உயர்த்த முடியும், அல்லது அப்படியே விடலாம். கீழே இறக்க அதற்கு அதிகாரம் கிடையாது.

வில்லிஸின் 25,000 டாலரை நீங்கள் எவ்வளவாக ஆக்கியிருப்பீர்கள்? கமெண்டில் எழுதுங்கள்.