ஐப்பசியில் துடைப்பம் மட்டும் போதும்

வணக்கம் நேயர்களே.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரம் கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி உப்பளம் வரை எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரே பரபரப்பாக இருக்கும். ஒரு பக்கம் முள்ளை வெட்டிக் குவித்துக் கொளுத்துவார்கள். இன்னொரு பக்கம் சிமென்ட் குழையும். பெயின்ட் டப்பா, ஆசிட் பாட்டில், கம்பி பிரஷ் எல்லாம் வந்து இறங்கும். இரண்டாம் தேதி மாலை மெழுகுத்திரி வெளிச்சத்தில் தோட்டம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நூறு வருஷம் தாங்கிய கல்லறைகள் நம் காலத்தில் உதிர்வதில், ஆள் எட்டிப் பார்க்காத மற்ற மாதங்களைவிட இந்த ஒரு வாரத்துக்குப் பங்கு அதிகம் என்பேன்.

முதலில் இந்தத் தோட்டங்கள் ஏன் இப்படிச் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கின்றன என்று பார்த்துவிடலாம். 1690-ல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை நிலத்தை வளைத்துக்கொண்டார்கள். அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1740 முதல் கடலூரில் மிஷன் நடத்திய சுவீடன் நாட்டுக்காரர் கீர்நாந்தர், 1758-ல் லாலியின் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் கல்கத்தா போய்விட்டார். கோட்டையும் தகர்க்கப்பட்டது. மூன்றே ஆண்டில், 1761-ல், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரையே இடித்தார்கள். அதனால் புதுச்சேரியில் 1761-க்கு முந்தைய கல் என்று யாராவது காட்டினால் கொஞ்சம் ஆதாரம் கேளுங்கள். கம்பெனிக்காரர்கள், மிஷன் சபையார், கத்தோலிக்கப் பங்கு மக்கள், பிறகு வந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையார் என்று ஆளுக்கொரு இடம் ஒதுங்கியது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சாதி. புதுச்சேரியில் சம்பாக் கோவில் என்ற கத்தோலிக்க மாதா கோவிலுக்கு உள்ளேயே மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ல் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கோவிலுக்குள் சுவர் என்றால் கல்லறைக்குச் சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டில் ஒரே பங்குக்கு இரண்டு தோட்டம், அல்லது ஒரே தோட்டத்துக்கு நடுவில் வரப்பு, இன்றும் உண்டு. பராமரிப்புக் குழு ஒன்று அமைக்கிறீர்கள் என்றால் முதல் வேலை, இரண்டு துண்டையும் ஒரே வரைபடத்தில், ஒரே எண் வரிசையில் கொண்டுவருவது. அதைத் தள்ளிப்போட்டால் பணமும் ஆளும் ஒரு பக்கமே போகும். வரைபடத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் புல வரைபடமும் அடங்கல் நகலும் வாங்கி, சர்வேயரை வைத்து அளந்து எல்லைக்கல் நட்டுவிடுங்கள்.

இனி அந்த ஒரு வாரத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடிக்கிறது. நம் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்ற மூன்று மாதத்தில்தான். ஈரம் குடித்த சுவரில் பெயின்ட் அடித்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. தை பிறப்பதற்குள் கொப்புளம் கிளம்பி உரியும். அடுத்த வருஷம் அதன் மேலேயே இன்னொரு கோட்டிங். ஆகவே காலத்தை மாற்ற வேண்டும். பூச்சு வேலை, கல் கழுவுவது, சாய்ந்ததை நிமிர்த்துவது எல்லாம் தை கடைசியிலிருந்து பங்குனிக்குள். ஆவணி, புரட்டாசியில் மரக்கிளை கழித்து, வடிகால் தூர்வாருதல். ஐப்பசியில் துடைப்பமும் புல் அரிவாளும் மட்டும்.

கிளை கழிப்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கல்லறைமேல் மரம் சாய்ந்தால் கல் உடைவது பாதி நஷ்டம்தான். வேர்த்தட்டு கிளம்பும்போது பக்கத்துக் குழிகளையும் புரட்டிவிடும். மரம் நடுவதென்றால் மதில் ஓரமாக, கல்லறையிலிருந்து பத்து அடி தள்ளி நடுங்கள். நடுப்பகுதிக்கு நித்தியகல்யாணி போதும். ஊரில் அதைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிறார்கள். மணலில் தண்ணீர் கேட்காமல் வளர்ந்து பூக்கும் செடியை வேறு எங்கே தேடுவது?

பழைய மேடைகள் செங்கலும் சுண்ணாம்பும். நிலத்து ஈரத்தை அவை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். கடற்கரையில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சானால் உப்பு மேலே பூத்து உதிரும், தேய்வது பூச்சுதான், செங்கல் தப்பிக்கும். சிமென்ட் பூசிவிட்டால் உப்பு வெளியே வர முடியாமல் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கலை மாவாக்கும். விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும். கடைசியில் பூச்சு பாளமாக விழும்போது செங்கலின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

பொள்ளலாகிவிட்ட சிமென்டைச் சின்ன உளியால் தட்டி எடுங்கள். இறுகிப் பிடித்திருந்தால் விட்டுவிடுவதே நல்லது, வலிந்து எடுத்தால் செங்கல் போகும். செங்கலில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி வாரி அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அதே உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். கலவைக்கு, நீற்றிய சுண்ணாம்பை மூன்று வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டுச் சலித்த விழுது ஒரு பங்கு, ஆற்று மணல் இரண்டு பங்கு. தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை மணலில் பாதிக்குப் பதில் சுர்க்கி, அதாவது நன்றாக வெந்த செங்கல் தூள், சேர்த்தால் ஈரத்தைத் தாங்கும். பழைய கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைப்பார்கள்; செய்யத் தெரிந்தவர் கிடைத்தால் செய்யட்டும். கடற்கரை மணலை மட்டும் வண்டி வாடகை மிச்சம் என்று அள்ளிவராதீர்கள், உப்பை நாமே கொண்டுவந்து கொட்டுவதாகும். சுவரை நனைத்து, இரண்டு தடவையாக, மொத்தம் அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசி, நனைத்த கோணிச் சாக்கைப் பத்து நாள் போர்த்திவையுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும். அதன் மேல், துணியில் வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து நாளுக்கு ஒன்றாக மூன்று கோட்டிங். எமல்ஷன், எனாமல் இரண்டும் வேண்டாம்.

வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுத்தால் செங்கலோடு வரும். தரையோடு அறுத்துவிட்டு, சுற்றியுள்ள சாந்தைக் கிளறி, வேரைத் துண்டு துண்டாக எடுத்து, அதே சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். வேர் மிச்சமிருந்தால் ஆறு மாதத்தில் தளிர்க்கும். சீமைக்கருவேலத்தையும் தூரோடு தோண்டி எடுத்து, மதிலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். கல்லறை நடுவில் தீ வைத்தால் கருங்கல்கூடச் சூட்டில் பொரிந்து தகடு தகடாக உதிரும், சலவைக்கல் சுண்ணாம்பாகும்.

சலவைக்கல் என்றதும் ஆசிட். பாத்ரூம் ஆசிட்டைச் சலவைக்கல்லில் ஊற்றினால் நுரைக்கிறதல்லவா, அழுக்கு போகிறது என்று நினைக்கிறார்கள். நுரைப்பது கல்லேதான். மெருகு போய்ச் சொரசொரப்பானதும் பாசி முன்னைவிட வேகமாகப் பிடிக்கும், எழுத்தின் விளிம்பு மழுங்கும். ப்ளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ், உப்புத்தாள் இவையும் கூடாது. நல்ல தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், மூங்கில் சீவல் ஒன்று, இவ்வளவுதான் தேவை. முதலில் நன்றாக நனைத்து, பாசி இளகும் வரை விட்டு, கீழிருந்து மேலாகத் தேய்த்து, மேலிருந்து கீழாக அலசுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். திருநாளன்று மெழுகுத்திரியைக் கல்லின் மேல் ஒட்டாமல் மணல் நிரப்பிய தட்டில் நிறுத்தினால், மெழுகு சுரண்டும் வேலையே இருக்காது.

கல்லைப் பிடித்த இரும்புக் கொண்டியில் துரு ஏறினால் பருத்துக் கல்லைப் பிளக்கும். கல்லின் மூலையில் பழுப்புக் கறை தெரிகிறதென்றால் உள்ளே கொண்டி இருக்கிறது என்று அர்த்தம். மாற்றும்போது பித்தளை அல்லது 316 ரக ஸ்டெயின்லெஸ். கடல் காற்றுக்கு 304 ரகம் புள்ளி விழுந்து அரிக்கும். சாய்ந்த கல்லை நாலு பேர் கூடி நிமிர்த்துவதும் ஆபத்து. கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. நாலடி உயரம், இரண்டடி அகலம், நாலு அங்குல கனம் கொண்ட சாதாரணக் கல்லே 200 கிலோ வரும். முக்காலியும் சங்கிலி பிளாக்கும் இல்லாமல் தொடாதீர்கள்.

கல் ஏன் சாய்கிறது? பெரும்பாலும் அவசரத்தால். முப்பதாம் நாளுக்குள் அல்லது வருஷத் திருப்பலிக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்பது குடும்பத்தார் ஆசை. பெட்டி இற்று மேல்மண் உட்காருவதற்கு இரண்டு மழைக்காலம் ஆகும். அதுவரை மண்மேடும் மரச்சிலுவையும் இருக்கட்டும். கல் சாய்வதற்கு இன்னொரு காரணம் தண்ணீர் தேங்குவது. வெளியே சாலையை மேலே மேலே போட்டு உயர்த்துகிறார்கள், தோட்டம் பள்ளமாகிறது. மதிலில் ஆறு அடிக்கு ஒரு துளை விட்டு, தாழ்ந்த பக்கம் வடிகாலோடு சேர்க்க வேண்டும்.

எழுத்தைப் படிப்பதற்கு வருகிறேன். மாவு, சாக்பீஸ், சாம்பல் எதையும் தடவாதீர்கள். மாவு பூஞ்சைக்குத் தீனி. பீரோக் கண்ணாடி அளவுக்கு ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், நிழல் விழுந்து மழுங்கிய எழுத்தும் எழும்பும். அப்போது படம் எடுங்கள். ஈய எழுத்து உதிர்ந்த கல்லில் ஆணித் துளைகளின் வரிசையே எழுத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய தமிழ்க் கற்களில் புள்ளி இருக்காது, குறில் நெடில் கொம்பு பிரியாது. வெட்டியிருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். ஆண்டு ௲௮௱௬௰௨ என்றிருந்தால் 1862. பக்கத்தில் துந்துபி என்று வருஷப் பெயரும் இருந்தால் அது 1862 சித்திரை முதல் 1863 பங்குனி வரை. அதே 1862-ல் தை மாதம் என்றால் துன்மதியாக இருக்க வேண்டும். இப்படி ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். புதுச்சேரியில் அப்பன் கல்லில் ஒரு பெயர், மகன் கல்லில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் என்றிருந்தால் குழம்ப வேண்டாம். பிரெஞ்சு அரசின் 1881 செப்டம்பர் ஆணைப்படி இந்தியச் சட்டநிலையைத் துறந்து, அதாவது தங்கள் வழக்குச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். கடலூர்ப் பக்கம் ஐரோப்பியர் கல் உடைந்து கிடந்தால், ஜே. ஜே. காட்டன் தொகுத்து 1905-ல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலில் அதன் முழு வாசகம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பதிவேட்டில் வரிசை எண், கல்லறை எண், வாசகம், கல்லின் வகை, இப்போதைய நிலை, பட எண், தேதி என்று ஏழு பத்திகள் போதும். பங்கு அலுவலகத்தின் இறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, மூன்று படி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு படியையாவது தரைத்தளத்தில் அல்லாமல் மாடியில் வையுங்கள். 2015 வெள்ளத்தைக் கடலூர் பார்த்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.