ஊரே மழையில் இருக்கும்போது திறப்பு விழாவா?

வணக்கம் மக்களே. பெரிய செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது கிளையண்டுக்கு எப்படி கவரேஜ் வாங்குவது என்று பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கிறீர்கள். 2023 டிசம்பரை வைத்தே சொல்கிறேன். சென்னையில் அப்படியொரு மாதத்தை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 3 அன்று நான்கு மாநிலத் தேர்தல் முடிவு. அன்று இரவே மிக்ஜாம் புயல் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீரில். அப்புறம் எண்ணூரில் எண்ணெய்ப் படலம், 13-ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குள் புகைக்குப்பி, 17, 18-இல் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம், 28-இல் விஜயகாந்த் மறைவு.

அந்த முதல் வாரத்தில்தான் எங்கள் கிளையண்டு ஒருவர் புதுக் கிளை திறக்கவிருந்தார். டூவீலர் சர்வீஸ் சென்டர்கள் நடத்துகிறவர். சேப்பாக்கத்தில் பிரஸ் மீட் வைத்துவிடலாம் என்றார். வேண்டாம் சார் என்றேன். ரிப்போர்ட்டர் முழங்கால் தண்ணீரில் நின்று லைவ் கொடுத்துக்கொண்டிருப்பார், கேமராமேன் கிடைக்கவே மாட்டார். ஆபீஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தியைத் தொகுக்கிறவருக்கோ ஒரே கவலைதான்: மழைச் செய்தியில் அடுத்து புதிதாக என்ன கொடுப்பது? அதற்குத் திறப்பு விழா உதவாது. கிளையண்டின் ஹெட் மெக்கானிக் உதவுவார்.

தண்ணீர் வடிந்ததும் முக்கால்வாசிப் பேர் முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்துதான் பார்ப்பார்கள். அங்கேதான் கெடுகிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்கை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்டர் பக்கமே போக வேண்டும். மெக்கானிக் ஒரு வண்டியில் ஆயிலை வடித்துக் காட்டினார். பால் கலந்த டீ நிறத்தில் கொழகொழவென்று வந்தது. அதை போனிலேயே வீடியோ எடுத்தோம்.

ரிப்போர்ட்டர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது இவ்வளவுதான்: "மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏன் என்று மெக்கானிக் ஒருவர் பிரித்துக் காட்டுகிறார், வீடியோ இணைப்பில். பைட் வேண்டுமென்றால் இப்போதே பேசுவார்." நிறுவனத்தின் பெயர் அதற்கும் கீழே. பைட் என்றால் டிவிக்காக கேமரா முன் சொல்லும் சில வரிகள். காலை எடிட்டோரியல் மீட்டிங்குக்கு முன்னால் அனுப்பினேன். மாலையில் பக்கம் முடிக்கிற நேரத்தில் போன் அடித்தால் நல்ல செய்திகூட எடுபடாது.

அனுப்புவதற்கு முன் கிளையண்டிடம் ஒன்று கேட்டேன்: வேளச்சேரிக்கு ஆள் அனுப்பி, லேபர் சார்ஜ் வாங்காமல் வண்டிகளைப் பார்த்துக் கொடுப்பீர்களா? சரி என்றார். அவர் மறுத்திருந்தால் அந்த மெசேஜை அனுப்பியிருக்க மாட்டேன். மக்கள் கஷ்டத்தை வைத்து வெறும் பெயர் வாங்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

டிவியில் பைட் ஓடியது, ஒரு நாளிதழில் பெட்டிச் செய்தியாகவும் வந்தது. பேப்பரை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2015 டிசம்பர் 2 அன்று, வெள்ளத்தில் ஊழியர்கள் அச்சகத்துக்குப் போக முடியாததால், 'தி இந்து' சென்னையில் அச்சாகவே இல்லை. 1878-இல் தொடங்கிய பத்திரிகைக்கே அந்த நிலை.

பெயர் ஒரு வரியில்தானே வந்திருக்கிறது என்று கிளையண்டுக்குக் கொஞ்சம் வருத்தம். அந்த வரியைப் படித்தவர்கள் வீட்டு வாசலில் நனைந்த வண்டி நிற்கிறது சார், உங்களுக்கு அவர்கள்தானே வேண்டும் என்றேன்.

விஜயகாந்த் மறைந்த 28-ஆம் தேதி எந்த கிளையண்டுக்காகவும் யாருக்கும் போன் செய்யவில்லை. இரங்கல் என்ற பெயரில் லோகோ போட்ட கார்டுகூட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

திறப்பு விழாவை ஜனவரிக்குத் தள்ளினோம். அங்கேயும் 7, 8-இல் உலக முதலீட்டாளர் மாநாடு, பிறகு பொங்கல், 22-இல் அயோத்தி ராமர் கோயில் திறப்பு. அதற்கும் பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டுக்கும் நடுவில் ஒரு நாளைப் பிடித்தோம். மழை நேரத்தில் பைட் வாங்கிய ரிப்போர்ட்டர்கள் சிலர் நேரிலேயே வந்தார்கள். ஓனரைவிட மெக்கானிக்கிடம்தான் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.